வண்டி வருதுங்க, அம்மிணி

டெலிபோன் அலறியது.

திருப்பூர் போலீஸ் ஒயர்லெஸ் அறை. 1973-ம் வருஷத்து ஆடிப் பெருக்கு. கம்பெனிகளுக்கு லீவு. நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் இல்லாத ஊரில், ஆடிக் காற்றின் சத்தம் மட்டும் பெரிதாய்க் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் நாச்சிமுத்து ரிசீவரை எடுத்தார்.

"போலீஸ் ஒயர்லெஸ்."

"ஏனுங்க... நெருப்புங்க..."

பெண் குரல். இளசு. வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

"எங்கிருந்து பேசறீங்க அம்மிணி?"

"அவிநாசி ரோடுங்க. ஆத்தப்பன் நிட்டிங் கம்பெனி. டைப் அடிக்கற அமராவதிங்க. லீவுன்னாலும் பாக்கி வேலையை முடிக்கலாமுன்னு வந்தேன். மாடியில மாட்டிக்கிட்டேன். படிக்கட்டு பூராவும் புகைங்க. நான் வர்றப்ப ஷட்டர் திறந்துதான் இருந்துச்சு. இப்ப யாரோ வெளிய பூட்டிட்டாங்க."

"ஃபயர் ஸ்டேஷனுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. வண்டி இல்லையாமா. சேவூர்ல நெருப்புன்னு போயிருச்சாமா. சித்த முன்னால எங்க கம்பெனி வாசல்லதானுங்க மணி அடிச்சுட்டுப் போச்சு. ஜன்னல்ல நின்னு நானே பார்த்தேன்."

இருமினாள்.

"தூரம் போயிருக்காதுங்க. அதையே திருப்பி உடச் சொல்லுங்க சாமி."

அதையே திருப்பி விடுவது...

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தீயணைப்பு வண்டியில் ஒயர்லெஸ் செட் இருக்கிறது. நாச்சிமுத்துவின் மேஜை மேலும் ஒயர்லெஸ் செட் இருக்கிறது.

ஆனால் இது கூப்பிட்டால் அதற்குக் கேட்காது.

ஒயர்லெஸ் செட்டுக்குள் கிரிஸ்டல் என்று ஒரு சின்னத் துண்டைச் செருகுவார்கள். அது எந்த அலைவரிசைக்கானதோ அதில்தான் செட் பேசும். போலீஸ் கிரிஸ்டல் வேறு, ஃபயர் கிரிஸ்டல் வேறு. திருப்பூர் ஃபயர் வண்டியோடு கோயமுத்தூர் ஃபயர் ஆபீஸ் மட்டும்தான் பேச முடியும். கோயமுத்தூருக்கோ இந்தப் போலீஸ் செட் எட்டாது; தகவல் சொல்ல ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் தேவுடு காக்க வேண்டும்.

வண்டியின் செட்டில் இன்னொரு கிரிஸ்டலுக்கு இடம் காலியாகத்தான் இருந்தது.

'அதுல ஒரு போலீஸ் கிரிஸ்டலைப் போட்டுக் குடுங்க. ஆபத்துக்குப் பேசிக்கலாம்' என்று ஃபயர் ஸ்டேஷன் ஆபீசர் சென்னியப்பன் பல மாதமாய் நடையாய் நடந்தார். இன்று காலையில்கூட வந்து கேட்டார்.

முடியாது என்றது யார்?

நாச்சிமுத்துதான்.

'போலீஸ் பேசறதெல்லாம் ரகசியமுங்க. தண்ணி ஊத்தறவங்க காதுக்கு அது எதுக்கு?' என்று போன மாசம் டி.எஸ்.பி. முன்னிலையில் அவர் கேட்டதும், டி.எஸ்.பி. வாய்விட்டுச் சிரித்ததும், சென்னியப்பன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனதும்... அந்தக் கணத்தில் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"லைன்லயே இருங்க அம்மிணி. வெச்சுராதீங்க."

நாச்சிமுத்து மைக்கைப் பிடுங்கினார். அவிநாசி போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டார். கான்ஸ்டபிள் சாமியப்பன் வந்தான்.

"ஃபயர் வண்டி உங்க ஸ்டேஷனைத் தாண்டுதா பாரு. நிறுத்து."

"அதுங்களா? இப்பத்தானுங்க தாண்டுச்சு. சேவூர் ரோட்டுல திரும்பிருச்சு."

"ஜீப்பை எடுத்துட்டுத் துரத்து."

"ஜீப் பல்லடம் பந்தோபஸ்துக்குப் போயிருக்குதுங்களே."

"எதுலயாவது ஏறிப் போய்யா. பஸ்ஸை மறி. போ."

மறுபடி ரிசீவர்.

"அம்மிணி..."

"வண்டி வருதுங்களா?"

நாச்சிமுத்து மேஜை மேலிருந்த செட்டைப் பார்த்தார்.

"வருதுங்க அம்மிணி."

"பின்னாடி ஜன்னல்ல கம்பி இல்லீங்க. கீழ கழிவுப் பஞ்சு மூட்டை கெடக்குது. குதிச்சுரட்டுங்களா?"

"வேண்டாம். குதிக்காதீங்க. காலு, இடுப்பு எல்லாம் ஒடஞ்சு போகும். கதவைச் சாத்திட்டு, ஈரத்துணியை மூஞ்சியில வெச்சுட்டு அங்கயே இருங்க. வண்டி வந்துரும்."

"சரிங்க. நீங்க சொன்னாச் சரிங்க."

எதிர்முனையில் சடசடவென்று ஏதோ முறிந்தது.

அப்புறம்... லைனில் எதுவுமே இல்லை.

* * *

கான்ஸ்டபிள் சாமியப்பன் ஒரு தனியார் பஸ்ஸை மறித்து ஏறி, டிரைவரை விரட்டி, சேவூர் எல்லையில் வைத்து ஃபயர் வண்டியைப் பிடித்தான். வண்டி திரும்பியது. பேய்வேகத்தில் வந்தது.

வந்து சேர்ந்தபோது படிக்கட்டு இல்லை. கூரையில் பாதி இல்லை.

அமராவதியும் இல்லை.

வண்டி வருவதற்கு முன்பே சைக்கிளில் வந்து, ஊர் ஜனத்தோடு சேர்ந்து குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் சென்னியப்பன். உடலைக் கீழே இறக்கியதும் அவர்தான். இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தவர், யார் கூப்பிட்டும் நிமிரவில்லை.

நாச்சிமுத்து கம்பெனியின் பின்பக்கம் போனார். கால் தானாகப் போயிற்று.

கம்பியில்லாத ஜன்னல். அதற்கு நேர் கீழே பஞ்சு மூட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓரத்தில் மட்டும் லேசாகக் கருகியிருந்தன.

சின்னப் பிள்ளை குதித்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது.

"என்ன நாச்சிமுத்து, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் மணியன். வாயில் வெற்றிலை. கண்ணில் மட்டும் வேலை.

"இது விபத்து இல்லைய்யா. சேவூர்ல நெருப்பே இல்லை. வைக்கோல் போர் எரியுதுன்னு எவனோ போன் பண்ணி ஏமாத்தியிருக்கான். இருக்கறது ஒரே வண்டி. அதை ஊரை விட்டு அனுப்பிட்டு, இங்க நெருப்பு வெச்சிருக்கான். போன் பண்ணவனைப் பிடிச்சா கொலைகாரனைப் பிடிச்ச மாதிரி."

"ஆமாங்க சார்."

"கடைசியா உங்ககிட்டதானே பேசினா? என்ன சொன்னா?"

நாச்சிமுத்து பஞ்சு மூட்டையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நெருப்புன்னு சொன்னாங்க. அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சுங்க."

மணியன் அவரையே பார்த்தார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அமராவதியின் தாயார் மருதம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். காக்கி உடுப்பைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எம் பொண்ணுகிட்டப் பேசுன ஆபீசர் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"பயந்துக்கிட்டாளுங்களா?"

"இல்லீங்க. தைரியமாத்தான் பேசுனாங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சுங்க."

ஒரே பொய். ஒரே நாளில் இரண்டாம் தடவை. முதல் தடவை கஷ்டமாக இருந்தது. இரண்டாம் தடவை தடங்கலில்லாமல் வந்தது. அதுதான் நாச்சிமுத்துவைப் பயமுறுத்தியது.

* * *

மறுநாளே கொலைகாரன் சிக்கினான்.

கம்பெனி முதலாளி ஆத்தப்பன். அவருடைய ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கியிருந்ததை மணியன் பார்த்துவிட்டார். சிகரெட் பற்ற வைத்தபோது பொசுங்கியது என்றார் ஆத்தப்பன். அவர் சிகரெட் பிடிக்க மாட்டார் என்று எதிர் டீக்கடைக்காரர் சொன்னார். மணியன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஆத்தப்பன் உடைந்து போனார்.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆத்தப்பன் பெஞ்சில் சுருண்டிருந்தார்.

"மறுபடி சொல்லுங்க, ஆத்தப்பன். இவரும் கேக்கட்டும்."

"மெஷினெல்லாம் ஓட்டை உடைசலுங்க. எரிஞ்சு போனா இன்சூரன்ஸ் வருமுன்னு நெனைச்சுப்போட்டேன். லீவு நாளாச்சேன்னு கழிவுப் பஞ்சைப் படிக்கட்டுக்கடியில அடுக்குனேன். அந்தப் புள்ள எப்ப உள்ள வந்துச்சு, எப்ப மாடிக்குப் போச்சு, சத்தியமாத் தெரியாதுங்க. கீழ யாருமில்லைன்னு பார்த்துட்டுத்தான் ஷட்டரைப் பூட்டுனேன்."

"போன்?"

"போன் நான் பண்ணலீங்க."

மணியன் மேஜையைத் தட்டினார். "கொளுத்தினதை ஒத்துக்கறீங்க. போனை மட்டும் ஏன் மறைக்கறீங்க?"

"எம் மக்க மேல ஆணையா நான் பண்ணலீங்க. பஞ்சை அடுக்கிப்போட்டு, நெருப்பு வெக்கத் தைரியம் வராம நின்னுட்டிருந்தேன். ஃபயர் வண்டி வந்து உடனே அணைச்சுட்டா மானமும் போயிரும், ஜெயிலுக்கும் போகோணும். அப்படி நிக்கறப்பத்தான்... வாசல்ல மணியடிச்சுட்டு அந்த வண்டியே போச்சுங்க."



"கிளம்பிப் போன வண்டியைக் கூப்பிட வழியில்லைன்னு ஊருக்கே தெரியுமுங்க. எங்க சங்கக் கூட்டத்துல ஃபயர் ஆபீசரே சொல்லிப் புலம்புனாரு. சரி, சாமியே வழி காட்டுதுன்னு..."

ஆத்தப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

நாச்சிமுத்துவால் அவரை வெறுக்க முடியவில்லை. வெறுக்கத் தகுதி வேண்டுமே!

மணியன் நாச்சிமுத்துவை வராந்தாவுக்கு அழைத்து வந்தார்.

"அவர் சொல்றது நிஜம், நாச்சிமுத்து. போன் அவர் பண்ணலை."

"எப்படிச் சொல்றீங்க சார்?"

"எக்ஸ்சேஞ்சுல விசாரிச்சேன். நேத்து ட்யூட்டியில இருந்தது ஆயம்மாள்னு ஒரு பொண்ணு. சேவூர்ல இருந்து ட்ரங்க் காலே வரலையாம். ஃபயர் ஸ்டேஷனுக்கு முதல்ல போன கால் லோக்கல் கால். லீவு நாள், காலே கம்மி, நல்லா ஞாபகம் இருக்குங்கறா."

"எந்த நம்பருங்க?"

மணியன் நிதானமாகச் சொன்னார்.

"உங்க நம்பர். போலீஸ் ஒயர்லெஸ் ரூம்."



"சார்... நான் பண்ணலைங்க."

"நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லலையே. அந்த ரூம்ல உங்களைத் தவிர வேற யார் இருந்தாங்க? யோசிச்சு வைங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லேன்னா ஆத்தப்பன் பக்கத்துல உங்களையும் உட்கார வைக்க வேண்டியிருக்கும்."

யோசிக்க என்ன இருக்கிறது?

முந்தின நாள் காலை... காற்றில் ஏரியல் கம்பி அவிழ்ந்து ஆடியது. நாச்சிமுத்து மொட்டை மாடிக்கு ஏறிக் கட்டிவிட்டு வந்தார். அந்த நேரத்தில் அறைக்குள் ஒரே ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தார்.

கிரிஸ்டல் கேட்டு வந்தவர்.

* * *

ஃபயர் ஸ்டேஷன் கொட்டகையில் சிவப்பு வண்டி நின்றது. அதன் படியில் சென்னியப்பன். ஷேவ் செய்யாத முகம். நாச்சிமுத்துவைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்க வருவீங்கன்னு தெரியுமுங்க."

"எதுக்குங்க ஆபீசர் அப்படிப் பண்ணீங்க?"

சென்னியப்பன் மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பு அவரிடம் இல்லை.

"உங்க டி.எஸ்.பி. நேத்து உங்க ரூமுக்கு வர்றதா இருந்துச்சில்லீங்களா? வண்டியைச் சேவூருக்கு அனுப்பிப்போட்டு, அவரு முன்னால வந்து நின்னு, 'என் வண்டி பொய்த் தகவல்ல போயிட்டிருக்குதுங்க, திருப்பிக் கூப்பிடுங்க பாக்கலாம்'னு கேக்கோணும். உங்களால முடியாது. அப்பவாச்சும் புரியுமில்லீங்களா? குரலை மாத்திப் பேசுனேன். போனை எடுத்த என் ஸ்டேஷன் பசங்களுக்கே அடையாளம் தெரியல."

"டி.எஸ்.பி. நேத்து வரலீங்களே."

"வரலீங்க. நெருப்புதான் வந்துச்சு."

வண்டியின் சிவப்புப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தானா உண்டான நெருப்பு இல்லீங்க அது. நான் வண்டியை அனுப்பாம இருந்திருந்தா ஆத்தப்பன் வத்திக்குச்சியையே உரசியிருக்க மாட்டாரு. உசுரைக் காப்பாத்தற உத்தியோகமுங்க இது. நான் ஒரு உசுரைத் தின்னுபோட்டேன்."

நாச்சிமுத்துவுக்கு உள்ளே ஏதோ லேசானது. வெட்கப்பட வேண்டிய லேசு. போன் பண்ணியது இவர். நெருப்பு வைத்தது ஆத்தப்பன். அப்படியானால் நாம்...?

அப்போது சென்னியப்பன் கேட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரிய மாட்டேங்குதுங்க. பின்னாடி ஜன்னல்ல கம்பி இல்லை. கீழ மெத்தை மாதிரி பஞ்சு மூட்டை. ஜன்னல் கதவும் திறந்துதான் கெடந்துச்சு. அந்தப் புள்ள ஏனுங்க குதிக்கல?"

காற்று கொட்டகைத் தகரத்தைப் போட்டு அடித்தது.

சொல்லாமல் போய்விடலாம். இவர் மேல் கேஸ் போகும். ஆத்தப்பன் மேல் கேஸ் போகும். போன் லைன் எரிந்து போயிற்று. பேசியவளும் எரிந்து போனாள். யாருக்குத் தெரியப் போகிறது?

"குதிக்கட்டுமான்னு கேட்டாங்க" என்றார் நாச்சிமுத்து. "நான்தான் வேண்டாம்னேன். வண்டி வருதுன்னு சொன்னேன்."

சென்னியப்பன் அவரையே வெறித்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார்.

"வாங்க. இன்ஸ்பெக்டர்கிட்டப் போலாம்."

* * *

மணியன் இருவர் சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு நாச்சிமுத்துவிடம் திரும்பினார்.

"நீங்க குதிக்க வேண்டாம்னு சொன்னது எனக்கு முன்னாடியே தெரியும்."

நாச்சிமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஆயம்மாள் லைன்ல இருந்திருக்கா. எல்லாத்தையும் கேட்டிருக்கா. பாவம், இன்னும் அழுதுட்டிருக்கா. நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் காத்திருந்தேன்."

"என் மேல கேஸ் எழுதுங்க சார்."

"எதுல எழுத? ஆத்தப்பனுக்கு செக்ஷன் இருக்கு. சென்னியப்பனுக்கும் ஒண்ணு தேடிப் பிடிச்சிடலாம். 'பயப்படாதே, வண்டி வரும்'னு ஒருத்திக்கு ஆறுதல் சொன்னதுக்கு எந்தச் சட்டத்துல செக்ஷன் இருக்கு? போங்கய்யா. தண்டனை இல்லாத குத்தத்தை வெச்சுக்க என் ஸ்டேஷன்ல இடமில்லை."

அதைவிடப் பெரிய தண்டனையை மணியனால் கொடுத்திருக்க முடியாது.

நாச்சிமுத்து நேரே மருதம்மாள் வீட்டுக்குப் போனார். நின்றபடியே சொன்னார். மகள் கேட்டதையும், தான் சொன்னதையும், லைன் அதற்குள் கட்டாகவில்லை என்பதையும்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியவங்க சொன்னா அப்படியே கேக்கற புள்ளைங்க அவ" என்றாள். "அப்படித்தான் வளர்த்துப்போட்டேன்."

* * *

சென்னியப்பன் சஸ்பெண்ட் ஆனார். ஆத்தப்பன் ரிமாண்டுக்குப் போனார்.

இனியாவது போலீஸும் ஃபயரும் பேசிக்கொள்ள வழி பிறக்கும் என்று நாச்சிமுத்து நம்பினார். தன் கைப்பட எழுதி, பழைய கருத்து தப்பு என்று ஒப்புக்கொண்டு, மேலே அனுப்பினார்.

மேலேயிருந்து உத்தரவும் வந்தது.

'பொய்த் தகவல் போலீஸ் ஒயர்லெஸ் அறையிலிருந்தே போயிருப்பதால், இனிமேல் தீயணைப்பு ஆட்கள் யாரையும் அந்த அறைக்குள் விடக்கூடாது.'

அவ்வளவுதான். கிரிஸ்டல் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

நாச்சிமுத்து உத்தரவை இரண்டு தடவை படித்தார். மடித்தார். மேஜையில் வைத்துப் பூட்டினார்.

உத்தரவை அவர் மீறவில்லை. ஃபயர் ஆட்கள் யாரையும் அறைக்குள் விடவேயில்லை. அவர்தான் ஒரு மத்தியானம் கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஃபயர் ஸ்டேஷனுக்குப் போனார்.

ஐப்பசியில் ஒரு நாள். இன்ஸ்பெக்டர் மணியன் ஒயர்லெஸ் அறையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். செட் கரகரத்தது.

"நெருப்பெரிச்சல் ஊர்ல இருக்கற பஞ்சுக் குடோனுக்கு வந்துட்டிருக்கோமுங்க. ரோட்டுல மரம் விழுந்து கெடக்குது. எந்தப் பக்கமாப் போறதுங்க?"

நாச்சிமுத்து மைக்கை எடுத்தார். ஏற்கெனவே சம்பவ இடத்தில் நின்ற போலீஸ் ஜீப்பிடம் கேட்டார். ஜீப் வழி சொன்னது. அவர் வாய் திறக்கும் முன்பே "கேட்டுச்சுங்க, திரும்பிட்டோம்" என்றது அந்தக் குரல். பின்னணியில் கணகணவென்று மணி.

அந்த மணிச் சத்தத்தோடு 'வண்டி வருதுங்களா?' என்ற குரலும் நாச்சிமுத்துவுக்குக் கேட்டது. எப்போது மணி அடித்தாலும் கேட்கும். சாகும்வரை கேட்கும்.

சற்று நேரத்தில் ஜீப்பின் குரல் வந்தது. "உள்ள இருந்த எல்லாரையும் இறக்கியாச்சு."

மணியன் டீ கிளாஸை வைத்தார்.

"யாருய்யா அது? மணியடிச்சுட்டு ஒருத்தன் பேசினானே, நம்ம டிபார்ட்மெண்ட் குரலா தெரியலையே."

"ராங் நம்பருங்க சார்."

"ஒயர்லெஸ்ல ஏதுய்யா ராங் நம்பர்?"

"இனிமே அடிக்கடி வருமுங்க."